டிக் டிக் எண்டு கேட்டா எல்லாமே டப்பெட் இல்ல: பழைய கார் எஞ்சினிட சத்தத்தை விளங்கிக்கொள்ளுறது எப்பிடி

கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டில ஓடுற வாகனங்கள் பெரும்பாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில ஒருக்கா நிண்டுதான் போகும். எஞ்சினை நிப்பாட்டாம இறங்கி, கற்பூரம் கொளுத்திப் போட்டு கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வரேக்கதான் கன பேருக்குத் தங்கட காரிட சத்தம் வடிவாக் காதில விழுறது. ஓடேக்க காத்துச் சத்தம், ரோட்டுச் சத்தம், பாட்டுச் சத்தம் எல்லாத்துக்குள்ளயும் அது மறைஞ்சு போயிடும், நிண்டு கேட்டாத்தான் பொனெட்டுக்குள்ள இருந்து டிக் டிக் டிக் எண்டு வரும். பக்கத்தில நிக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், "டப்பெட் அடிக்குது, செற் பண்ணினாச் சரி". டப்பெட் எண்டு அவை சொல்லுறது எஞ்சினிட வாசல்களைத் திறந்து மூடுற பகுதியில விட்டிருக்கிற ஒரு சின்ன இடைவெளியை, விபரம் கீழ வரும்.

இந்த ஒரு சொல்லாலதான் கன பேரிட காசு வீணாப் போகுது, சில பேருக்கு எஞ்சினே போகுது. எனக்கு நடந்ததைக் கீழ சொல்லுறன். எங்கட பக்கம் கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு எண்டு எங்க பாத்தாலும் இருபது முப்பது வருசத்துக்கு மேற்பட்ட வாகனங்கள்தான் ஓடுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு சொந்தப் பாவனைக் கார் வெளியில இருந்து வாறதுக்கு 2025 பெப்ரவரி ஆகிட்டுது, வந்ததும் விலை எங்களுக்கு எட்டுற விலை இல்ல, அப்ப இருக்கிற பழசைக் கவனமாப் பாக்கிறதைத் தவிர வேற வழி இல்ல. மெக்கானிக் வேலை தெரிஞ்ச ஆக்களுக்காக நான் இதை எழுதேல்ல, பொனெட்டைத் திறந்தா எது எதெண்டு தெரியாத ஆளுக்கும் விளங்கோணும் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல ஒரு சைக்கிளை நினையுங்கோ

சைக்கிள் ஓடிக்கொண்டு போறீங்கள், எங்கயோ டக் டக் எண்டு முட்டுற சத்தம். இறங்கிப் பாக்காமலே எதெண்டு கண்டுபிடிக்கலாம். பெடல் ஒரு சுத்து சுத்த ஒருக்கா கேட்டா பெடல் செயின் கவரில முட்டுது. பெடல் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ரெண்டு மூண்டு தரம் கேட்டா அது சில்லில இருந்து வாறது, ஏனெண்டா சில்லு பெடலை விட வேகமாச் சுத்தும். மிதிக்கிறதை நிப்பாட்டி உருள விட்டா இன்னும் வடிவாத் தெரியும்.

கார் எஞ்சினும் இதே கதைதான், உள்ளுக்கு ரெண்டு வேகத்தில ரெண்டு தண்டு சுத்துது. கீழ இருக்கிறது கிராங், சிலிண்டர் எண்ட குழாய்க்குள்ள பிஸ்டன் எண்ட உருளை மேல கீழ போறதைச் சுத்தா மாத்தி சில்லுக்கு அனுப்புறது அதுதான். மற்றது கேம், எஞ்சினிட வாசல்களைத் திறந்து மூடுற தண்டு. கிராங் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து சுத்தும். பிஸ்டன் காத்தையும் எரிபொருளையும் உறிஞ்சி, அமுக்கி, வெடிச்சு, புகையை வெளிய தள்ளுற நாலு வேலையையும் முடிக்க கிராங்குக்கு ரெண்டு சுத்து வேணும், ஆனா ஒவ்வொரு வாசலும் அந்த ரெண்டு சுத்துக்குள்ள ஒருக்காத் திறந்தாக் காணும்.

சும்மா நிக்கேக்க எஞ்சின் நிமிசத்துக்கு ஒரு 800 சுத்து சுத்துது எண்டு வையுங்கோ. கிராங்கோட சேந்து வாற சத்தம் செக்கனுக்கு 13 தரம் கேக்கும், தனித்தனியாப் பிரிச்சுக் கேக்கேலாது. கேமோட சேந்து வாற சத்தம் செக்கனுக்கு ஆறு ஏழு தரம்தான், தையல் மெஷினை மெல்ல மிதிக்கிற மாதிரிக் காதுக்குப் பிடிபடும். "எஞ்சின் ஓடுற வேகத்தில இல்லாம கொஞ்சம் ஆறுதலா அடிக்குது" எண்டு சில பேர் சொல்லுவினம், அவை சொல்லுறது இந்தப் பாதி வேகத்தைத்தான்.

சுருக்கமாச் சொன்னா, ஆறுதலான டிக் எண்டா வாசல் பக்கம், எரிபொருளைப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக் பக்கம், புகை போற பக்கம், இதுகளில ஒண்டாத்தான் அனேகமா இருக்கும். வேகமா, கனமா டொக் டொக் எண்டு கீழ இருந்து வந்தா கிராங் பக்கத்தைச் சந்தேகப்படோணும். டப்பெட் எண்டுறது இந்தச் சந்தேகங்களுக்குள்ள ஒண்டு மட்டும்தான்.

எஞ்சினுக்குள்ள ஒரு துலா

வாசல் எண்டு சொன்னன் தானே, அதுக்குச் சரியான பேர் வால்வு. நீளக் காம்பு உள்ள ஒரு காளான் மாதிரி இருக்கும், ஸ்பிரிங் அதை எந்த நேரமும் மூடி வச்சிருக்கும், யாரோ அமத்தினாத்தான் திறக்கும். அமத்துறது ரொக்கர். ஊர்க் கிணத்தில ஆடுகாலில துலா நிக்கிறதைப் பாத்த ஆக்களுக்கு ரொக்கரை விளங்கப்படுத்தவே தேவையில்ல. நடுவில அச்சு, ஒரு பக்கம் மேல எழும்ப மற்றப் பக்கம் கீழ இறங்கும். கேம் தண்டில முட்டை மாதிரி ஒரு பக்கம் புடைச்ச இடங்கள் இருக்கு, அது சுத்தி வந்து ஒரு தடியை மேல தள்ள, தடி துலாவிட ஒரு நுனியைத் தூக்க, மற்ற நுனி வால்வுக் காம்பிட தலையில அமத்த, வால்வு திறக்கும். புடைப்பு தாண்டிப் போனதும் ஸ்பிரிங் வால்வைத் திரும்ப இழுத்து மூடும். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பழைய டீஎக்ஸ் கொரோல்லா எல்லாம் இந்த அமைப்புத்தான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறம். துலா நுனிக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவில வேணுமெண்டே ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கு. அதுக்குப் பேர்தான் டப்பெட் கிளியரன்ஸ். மொரிஸ் மைனருக்கு அது 0.012 இஞ்சி, அதாவது 0.3 மில்லிமீற்றர், போட்டோகொப்பிக் கடையில வைக்கிற வெள்ளைத்தாளில மூண்டை அடுக்கினா வாற தடிப்பு. 90களில வந்த கொரோல்லாக்களில ஓடுற 5ஏ எஞ்சினில, குளிர் நிலையில காத்து வாற வால்வுக்கு 0.15 தொடக்கம் 0.25 மில்லிமீற்றர், புகை போற வால்வுக்கு 0.20 தொடக்கம் 0.30. அந்த எஞ்சினில துலா கிடையாது, கேம் நேரா ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில அமத்தும், இடைவெளியை மாத்திறதெண்டா கிண்ணத்துக்கு மேல இருக்கிற சிம் எண்ட வட்டத் தகட்டை வேற தடிப்பில மாத்தோணும், ஸ்குரூ ட்ரைவரால திருப்பிச் சரிக்கட்டுற வேலை அங்க நடக்காது.

இந்த இடைவெளி இருக்கிற படியாத்தான் ஒவ்வொரு முறையும் துலா நுனி காம்பில போய் மெல்ல இடிக்குது. பிடி லேசா ஆடுற மண்வெட்டியால கொத்தேக்க ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு டக் கேக்கும் பாருங்கோ, அது மாதிரி. நாள்பட இரும்பு தேய்ஞ்சு இடைவெளி கூடினா டக் கூடும். டப்பெட் சத்தம் எண்டுறது இவ்வளவுதான்.

இடைவெளியை மூடிவிட்டா நல்லம்தானே?

கன பேர் பிழை விடுற இடம் இது. சத்தம் இடைவெளியாலதான் வருது, அப்ப இறுக்கி மூடிவிட்டா சத்தம் இல்ல, எஞ்சின் நல்லம் எண்டு நினைக்கிறது.

மாரி மழைக்குப் பலகைக் கதவு ஊதி நிலையில இறுகுறது எல்லாருக்கும் தெரியும். விசயம் தெரிஞ்ச தச்சாசாரி கோடையில கதவு போடேக்கயே சுத்திவரக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடுவார். அதே மாதிரி இரும்பு சூட்டுக்கு ஊதும். புகை போற வால்வு பாரத்தோட ஓடேக்க 700 பாகை வரைக்கும் சூடேறி காம்பு நீளும். இடைவெளி இருந்தா நீளுறதுக்கு இடம் இருக்கு. இல்லாட்டி காம்பு துலாவில போய் முட்டி நிக்கும், வால்வு முழுசா மூடாது, முடி அளவு திறந்தே நிக்கும். அந்த முடி அளவு சந்துக்குள்ளால நெருப்புக் காத்து ஒவ்வொரு வெடிக்கும் பீறிக்கொண்டு போகும். வால்வு தன்ர சூட்டை இறக்கிறதே மூடி இருக்கேக்க தான் குந்துற இடத்துக்குக் குடுத்துத்தான், அங்க வடிவாக் குந்தாத வால்வு சூட்டை இறக்க வழியில்லாம ஓரம் எரிஞ்சு போகும்.

எனக்கு இதுதான் நடந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில என்ர டீஎக்ஸ் வாகன் கன நாள் அசையாம நிண்டது. திரும்ப ஓடத் தொடங்க டிக் டிக். ஒரு கராஜில குடுத்தன், "டப்பெட்" எண்டு சொல்லிச்சினம், அரை மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது, எஞ்சின் பூனை மாதிரி ஓடிச்சுது, காசு குடுத்திட்டுச் சந்தோசமா வந்தன். ஆனா ஆக்ஸிலரேட்டரை அமத்தேக்க அந்த டிக் மெல்லிசா இருந்துகொண்டே இருந்தது, நான் கவனிச்சும் கவனிக்காம விட்டிட்டன். ரெண்டு மாசத்தில எஞ்சின் நடுங்கத் தொடங்கி, மூண்டாவது சிலிண்டர் வேலை செய்யிறதை விட்டிட்டுது. ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கிற எஞ்சினிட மேல் பகுதியை, கழட்டி வால்வைக் கையில தந்திச்சினம், வட்டத் தட்டிட ஒரு ஓரத்தில எலி கடிச்ச தேங்காய்ச் சொட்டு மாதிரி ஒரு துண்டு இல்ல. சத்தத்தை இல்லாமல் பண்ண இடைவெளியை மூடினதால வந்த வினை அது. அதை விட மனம் நொந்த விசயம், முதல் வந்த டிக் டப்பெட்டே இல்ல எண்டது. அது எது எண்டு கொஞ்சம் கீழ வரும்.

இதில மனசில வைக்க வேண்டியது ஒண்டுதான். லேசாச் சத்தம் போடுற டப்பெட் எஞ்சினை உடன கொல்லாது, சத்தமே இல்லாம இறுக்கி வச்ச டப்பெட் கொல்லும். புத்தகத்தில இருக்கிற அளவுக்குத்தான் செற் பண்ணோணும், காதுக்கு அடங்கிற அளவுக்கு இல்ல.

ஸ்பனர் எடுக்க முதல் ஒயிலைப் பாருங்கோ

எந்த டிக் சத்தத்துக்கும் முதல் வேலை டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் அளவு பாக்கிற கம்பியை, இழுக்கிறது. காரை மட்டமான நிலத்தில விட்டு, எஞ்சினை நிப்பாட்டி ஒரு பத்து நிமிசம் பொறுத்து, இழுத்துத் துடைச்சுத் திரும்ப விட்டு இழுத்துப் பாக்கோணும். அளவு குறைஞ்சிருந்தா ஆக மேல இருக்கிற துலா பக்கத்துக்கு ஒயில் போதாமல் போகும், காஞ்ச இரும்போட இரும்பு முட்டும், சத்தம் வரும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில வரச் சரியான ஒயிலை விட்டாலே அடங்கிப் போற சத்தங்கள் கன இருக்கு.

சில எஞ்சினுகளில இடைவெளியே வராத மாதிரி ஹைட்ரோலிக் லிஃப்டர் எண்டு ஒண்டு வச்சிருக்கு. அது சிரிஞ்ச் மாதிரி, உள்ளுக்கு ஒயில் நிரம்பி நீண்டு இடைவெளியைத் தானே நிரப்பும். ராத்திரி முழுக்க நிண்டா அந்த ஒயில் மெல்லக் கசிஞ்சு இறங்கிடும், அதால காலமை ஸ்டார்ட் பண்ணின உடன ஒரு சில செக்கன் டக டக எண்டு அடிச்சிட்டு அடங்கினாப் பயப்படத் தேவையில்ல. சூடாகி எவ்வளவு நேரம் ஆகியும் அடிச்சுக்கொண்டே இருந்தாத்தான் உள்ளுக்கு ஊத்தை அடைச்சிருக்கு இல்லாட்டி தேய்ஞ்சு போச்சு எண்டு எடுக்கோணும். எங்கட ரோட்டுப் புழுதிக்கும் ஒயில் மாத்தாம இழுத்தடிக்கிறதுக்கும் இது சீக்கிரமே வரும். ஒயில் பில்டரையும் மலிவாக் கிடைக்குது எண்டு கண்டதை வாங்கிப் போடாதேங்கோ. நல்ல பில்டருக்குள்ள எஞ்சின் நிண்டாப் பிறகு ஒயில் திரும்ப வழிஞ்சு போகாமப் பிடிக்கிற ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும், அது சரியில்லாட்டி தினமும் காலமை ஒயில் மேல ஏறும் வரைக்கும் எஞ்சின் காயும்.

சத்தத்தை மறைக்க தடிச்ச ஒயிலை விடுறது இன்னொரு பழக்கம். விக்கப் போற காருக்கு இப்பிடிச் செய்வினம், அதால பழைய கார் வாங்கப் போனா ஆறின எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கோணும், நீங்கள் வர முதலே சூடாக்கி வச்சிருந்தா அண்டைக்குப் பேசி முடிக்காம இன்னொரு நாள் காலமை போங்கோ.

புட்டுப் பானையில ஆவி போற மாதிரி

அம்மா புட்டு அவிக்கேக்க நீத்துப்பெட்டி பானையில குந்துற விளிம்பைச் சுத்தி ஈரத்துணி கட்டுவா. துணி கொஞ்சம் விலகினா அந்த ஓட்டையால ஆவி புஸ் புஸ் எண்டு போகும், மேல புட்டு அவியாது. அந்தத் துணி செய்யிற வேலையை எஞ்சினில செய்யிறது கஸ்கெட், ரெண்டு இரும்புக்கு நடுவில வைக்கிற அடைப்பு. புகை எஞ்சினை விட்டு வெளிய வாற முதல் குழாய்க்கூட்டம் மனிபோல்ட். மனிபோல்ட் எஞ்சினில பூட்டுற இடத்தில கஸ்கெட் எரிஞ்சாலோ ஒரு ஆணி இளகினாலோ, ஒவ்வொரு வெடிக்கும் ஒருக்கா புகை அந்தச் சந்தால தெறிக்கும். தூரத்தில கேட்டா அது புஸ் எண்டு கேக்காது, சுத்த டிக் எண்டுதான் கேக்கும், அதுவும் கேமிட பாதி வேகத்திலயே. டப்பெட்டோட ஆக்கள் மாறுறது இதாலதான்.

பிரிச்சு அறிய வழி இருக்கு. இந்தச் சத்தம் காலமை ஆறின எஞ்சினில பலமா இருக்கும், பத்து நிமிசத்தில இரும்பு சூடாகி விரிஞ்சு சந்தை அடைக்கக் குறையும். பாரத்தோட ஆக்ஸிலரேட்டரை அமத்தினாக் கூடும். மனிபோல்ட் ஓரத்தை டோர்ச் அடிச்சுப் பாத்தா விளக்குக் கரி மாதிரி கறுப்புக் கோடு ஒண்டு தெரியும். என்ர டீஎக்ஸில ஹெட்டைக் கழட்டின அண்டைக்கு அந்தக் கோடு மூண்டாவது சிலிண்டரிட புகை போற வாய்க்குப் பக்கத்தில விரல் நீளத்துக்கு இருந்தது, முதல் நாளே ஒரு ஆள் டோர்ச்சால பாத்திருந்தா ஒரு கஸ்கெட்டோட முடிஞ்சிருக்கும். இதை "சத்தம்தானே, ஓடட்டும்" எண்டு விடாதேங்கோ. அந்தப் புகையில காபன் மொனொக்சைட் இருக்கு, நிறமும் இல்ல மணமும் இல்ல, பொனெட்டுக்குள்ளால காருக்குள்ள வந்தா பின் சீற்றில நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு என்ன நடக்குது எண்டு ஓடுற ஆளுக்குத் தெரியாது.

ஸ்பார்க் பிளக் இளகினாலும் இதே மாதிரிக் காத்துத் தெறிக்கும், பிளக் ஸ்பனரால ஒருக்கா இறுக்கிப் பாத்தாத் தெரியும். பிளக் வயர் வெடிச்சு மின்சாரம் வெளிய பாய்ஞ்சாலும் டிக் டிக் எண்டும், அதுக்கு ராத்திரி லைற் எல்லாம் நூத்து பொனெட்டைத் திறந்து வச்சு எஞ்சினை ஓட விட்டா நீல நிறத்தில சின்னதாப் பொறி பாயுறது கண்ணால தெரியும்.

நோய் இல்லாத டிக் சத்தங்கள்

பெற்றோலைப் பீச்சுற இஞ்ஜெக்டர் உள்ள கார்களில அந்த இஞ்ஜெக்டரே டிக் டிக் எண்டுதான் வேலை செய்யும், மெல்லிசா ஒரே சீரா இருந்தா அதைத் தொடத் தேவையில்ல. மொரிஸ் மைனர் மாதிரிக் கார்களில எஸ்யூ எண்ட மின்சாரப் பெற்றோல் பம்ப் இருக்கு, சாவியைத் திருப்பினதும் எஞ்சின் ஓட முதலே டிக் டிக் எண்டு அடிச்சு, பெற்றோலைக் காத்தோட கலக்கிற காபரேட்டர் நிரம்பினதும் நிண்டிடும். நிக்காம வேகமா அடிச்சா தாங்கியில பெற்றோல் இல்ல, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி காபரேட்டர் நிரம்பி வழியுது.

இன்னொண்டு, ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய் பக்கமோ கிறவல் ரோட்டால போயிட்டு தார் ரோட்டில ஏறினாப் பிறகு டிக் டிக் எண்டு கேட்டா எஞ்சினைத் திட்ட முதல் இறங்கி ரயரைப் பாருங்கோ, பள்ளத்துக்குள்ள கல்லு சிக்கி இருக்கும். கார் நிக்கேக்க இல்லாம ஓடேக்க மட்டும் கேக்கிற சத்தம், நியூட்ரலில உருள விட்டாலும் கேக்கிற சத்தம், எஞ்சினில இருந்து வாறது இல்ல.

உடன நிப்பாட்ட வேண்டிய சத்தம்

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டிட அடியில பெயாரிங் எண்டு ஒரு மெல்லிய உலோக ஓடு இருக்கு, அதுக்கும் கிராங்குக்கும் நடுவில ஒயில் படலம் ஒண்டுதான் காவல். அந்த ஓடு தேய்ஞ்சா வாறது டிக் இல்ல, டொக். உலக்கையால மண்ணில இடிக்கிற மாதிரி எஞ்சினிட அடியில இருந்து வரும், வேகம் கூட்டக் கூட்டப் பலக்கும், சூடாகினாலும் குறையாது, கன நேரங்களில ஒயில் கான் படம் போட்ட சிவப்பு லைற்றும் மினுங்கும். அந்த லைற் பத்தினா மாங்குளத்தில நிண்டுகொண்டு "கிளிநொச்சி மட்டும் மெல்ல உருட்டுவம்" எண்டு நினைக்கக்கூடாது, அந்த இடத்திலயே நிப்பாட்டிக் கட்டி இழுக்கிறதுதான் மலிவு.

எங்கட ஆக்களுக்கு இந்தச் சத்தம் புதுசு இல்ல. 90களில போரால பொருளாதாரத் தடை இருந்த காலத்தில வன்னிக்குள்ள பெற்றோல் கிடைக்கிறது பெரும் பாடு, மொரிஸும் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. காபரேட்டருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடவிடுறது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி வடிவா ஆவியாகாது, எரியாம மிஞ்சினது சிலிண்டர் சுவரால வழிஞ்சு கீழ ஒயிலோட கலக்கும். டிப்ஸ்டிக்கில அளவு குறையாம கூடிக்கொண்டு போகும், விரலில தொட்டா வழுவழுப்பு இருக்காது, பெயாரிங் அதாலதான் தேய்ஞ்சது. பாரம் ஏத்தி அமத்தேக்க தகரப் பேணிக்குள்ள சில்லறைக் காசு குலுக்கின மாதிரி இன்னொரு சத்தமும் வரும். எரிபொருள் தன்ர நேரத்துக்கு முதல், கட்டுப்பாடில்லாம வெடிக்கிறதால வாற சத்தம் அது, மண்ணெண்ணெய் அந்த அமுக்கத்தைத் தாங்காது. அமுக்கம் குறைஞ்ச பழைய எஞ்சின் எண்ட படியால அதுகள் சமாளிச்சு நோயாளியையும் நெல்லு மூட்டையையும் ஏத்திக்கொண்டு ஓடினது. இண்டைக்கும் கலப்படப் பெற்றோல் விட்டாலோ ஸ்பார்க் வாற நேரம் பிழையா வச்சிருந்தாலோ அதே காசு குலுக்கிற சத்தம் வரும், அதையும் டப்பெட் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம்.

மறக்காம இருக்க இப்பிடி வையுங்கோ. மேல இருந்து மெல்லிசா டிக் எண்டா நிதானமாத் தேடலாம். கீழ இருந்து கனமா டொக் எண்டா, இல்லாட்டி ஒயில் லைற் பத்தினா, எஞ்சினை நூத்துவிட்டுத்தான் மற்றக் கதை.

வீட்டில நிண்டே எப்பிடித் தேடுறது

ஒரு ஒண்டரை மீற்றர் ரப்பர் ஹோஸ் காணும். ஒரு நுனியைக் காதில வச்சுக்கொண்டு மற்ற நுனியை மனிபோல்ட் ஓரத்தாலயும் பிளக் அடியாலயும் மெல்லக் கொண்டு போங்கோ, காத்துக் கசியிற இடத்துக்கு வந்ததும் காதுக்குள்ள அடிக்கிற மாதிரிக் கேக்கும். இரும்பு இடிக்கிற சத்தத்துக்கு நீளமான ஸ்குரூ ட்ரைவர் நல்லம், நுனியை எஞ்சினில ஊண்டி, பிடியைக் காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பில அமத்திப் பிடிக்கோணும். சாரத்தையும் தலைமயிரையும் பெல்ட்டுக்கும் பானுக்கும் தூரமா வச்சுக்கொள்ளுங்கோ, இதில அவசரப்பட்டு விரலை இழந்த ஆக்கள் இருக்கினம்.

காபரேட்டர் உள்ள பழைய எஞ்சினுக்கு இன்னொரு சோதனை இருக்கு, எனக்குப் பிடிச்சது இதுதான். எஞ்சினை நிப்பாட்டி ஒரு பிளக் வயரைக் கழட்டி, அதை எஞ்சின் இரும்பில தொடுற மாதிரி வச்சிட்டு, ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் கேளுங்கோ. பிறகு நிப்பாட்டிப் பூட்டிப்போட்டு அடுத்த வயர். ஓடேக்க கையால இழுக்க வேண்டாம், ஷொக் பலமா அடிக்கும். வயர் கழண்ட சிலிண்டரில வெடி இல்ல, ஆனா வால்வு வழமை மாதிரித் திறந்து மூடும். அதால ஒரு வயரைக் கழட்டேக்க சத்தம் குறைஞ்சா வெடியோட சம்பந்தப்பட்ட சத்தம், புகைக் கசிவோ பெயாரிங்கோ, அதுவும் அந்தச் சிலிண்டரிலதான். நாலையும் மாறி மாறிக் கழட்டியும் சத்தம் அப்பிடியே இருந்தா டப்பெட் பக்கம் போகலாம்.

டப்பெட்தான் எண்டாலும் எட்டு வால்வில எது எண்டு பாக்கலாம். துலா உள்ள எஞ்சினில மேல் மூடியைக் கழட்டி, எஞ்சின் மெல்ல ஓடேக்க, பீலர் கேஜ் எண்ட மெல்லிய தகட்டை ஒவ்வொரு துலா நுனிக்கும் காம்புக்கும் நடுவில விட்டுப் பாக்கிறது. எதில விடேக்க சத்தம் நிக்குதோ அதுதான் ஆள். ஒயில் தெறிக்கும், பழகின மெக்கானிக் ஒருத்தர் செய்ய நீங்கள் பக்கத்தில நிண்டு பாருங்கோ.

கராஜில என்ன சொல்லோணும்

வாசலில இறங்கினதும் "அண்ணை, டப்பெட் அடிக்குது" எண்டு சொல்லாதேங்கோ. நீங்கள் நோய்க்குப் பேர் வச்சிட்டா அவரும் அந்த நோய்க்குத்தான் வைத்தியம் பாப்பார், முக்கியமா வேலை குவிஞ்சு கிடக்கிற நாளில. கண்டதை மட்டும் சொல்லுங்கோ: "அண்ணை, காலமை ஸ்டார்ட் பண்ணின உடன பலமாக் கேக்குது, சூடாகக் குறையுது, அமத்தினாத் திரும்பக் கேக்குது, மூண்டாவது பிளக் வயரைக் கழட்டினா நிக்குது, ஒயில் சரியா இருக்கு." இதைக் கேட்ட எந்த மெக்கானிக்கும் முதல்ல மனிபோல்டைத்தான் பாப்பார்.

டப்பெட் செற் பண்ணத்தான் வேணும் எண்டு முடிவானா, கை வைக்க முதல் எட்டு வால்விலயும் இருந்த இடைவெளி எவ்வளவு, செற் பண்ணினாப் பிறகு எவ்வளவு எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, திகதியையும் மைலையும் சேத்து. நான் இப்ப அப்பிடித்தான் செய்யிறன், டாஷ்போர்ட் பெட்டிக்குள்ள கொப்பி கிடக்கு. அடுத்த முறை பாக்கேக்க ஒரு வால்வில இடைவெளி தானாக் குறைஞ்சிருந்தா, சத்தம் ஒண்டும் இல்லாட்டியும், அந்த வால்வு தான் குந்துற இடத்துக்குள்ள தேய்ஞ்சு இறங்குது எண்டு அந்தக் கொப்பி காட்டித் தரும்.